எந்த வீட்டுப் பிள்ளை?



நம்ம குழுக்களில் மாதம் ஒருமுறையாவது அந்த அட்டை சுற்றும். ஒரு பக்கம் இந்தியா, இன்னொரு பக்கம் தமிழ்நாடு. '18 வயதுக்கு முன்பே திருமணம் ஆன பெண்கள்: இந்தியா 23.3 சதவீதம், தமிழ்நாடு 12.8 சதவீதம்.' கீழே கைதட்டல் படங்கள் வரிசை கட்டும். நாமும் பகிர்ந்திருக்கிறோம். அதில் தப்பில்லை. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு சொன்ன எண் அது. இதே கணக்கில் மேற்கு வங்கம் 41.6, பீகார் 40.8. நம்ம ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதன் பலன் இது. பெருமைப்படலாம்.

ஆனா அந்த 12.8-ஐக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்க. எட்டுப் பெண்களில் ஒருத்தி. 40 பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற ஒரு வகுப்பறையை நினைத்துக்கொண்டால், அதில் ஐந்து பேர்.

அந்த ஐந்து பேர் யார்? எந்தத் தெரு? அப்பா என்ன வேலை பார்க்கிறார்? அம்மா எத்தனாவது வரை படித்தவர்? இதைக் கேட்காமல் அட்டையை மட்டும் பகிர்ந்துவிட்டுப் போனால், அந்த ஐந்து பேரையும் நாமே சராசரிக்குள் மறைத்துவிடுகிறோம். இன்றைய பதிவு அவர்களைப் பற்றித்தான்.

யாரும் படிக்காத இடது ஓரம்

குடும்ப நல ஆய்வின் அறிக்கையைத் திறந்தால் எந்த அட்டவணையின் இடது ஓரத்திலும் ஏறக்குறைய ஒரே பட்டியல் வரும். வயது, நகரமா கிராமமா, எத்தனை வருடம் படிப்பு, மதம், சாதிப் பிரிவு, வீட்டின் வசதி. 'பின்னணி விவரங்கள்' என்று பேர். செய்திக்காரர்கள் கடைசி வரியில் இருக்கிற மொத்த எண்ணை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அட்டை செய்கிறவர்களும் அதைத்தான் எடுப்பார்கள். ஆனால் சமூகநீதி பேசுகிற எவரும் முதலில் படிக்க வேண்டியது அந்த இடது ஓரத்தை.

உதாரணம் பாருங்க. 15 முதல் 19 வயதுக்குள் தாயாகிவிட்ட அல்லது கர்ப்பமாக இருக்கிற பெண்கள் நாடு முழுக்க 6.8 சதவீதம். இது மொத்த எண். இடது ஓரத்துக்கு வந்தால், நகரத்தில் 3.8, கிராமத்தில் 7.9. வசதியில் கடைசி ஐந்தில் ஒரு பங்கு வீடுகளில் 10 சதவீதம், மேல்தட்டு ஐந்தில் ஒரு பங்கில் 2 சதவீதம். பள்ளிக்கூடமே போகாத பெண்களில் 18 சதவீதம், 12 வருடமோ அதற்கு மேலோ படித்தவர்களில் 4 சதவீதம்.

கடைசி இரண்டு எண்களையும் இன்னொரு தடவை படியுங்க. 12 வருடம் படித்த பிள்ளை என்றால் அவளுக்கு எப்படியும் 17 வயது ஆகியிருக்கும். வயதை மட்டும் பார்த்தால், 15 வயதுப் பிள்ளையைவிட இவளுக்குத்தான் கல்யாணப் பேச்சு அதிகம் வந்திருக்க வேண்டும். இருந்தும் இவள் பக்கம்தான் எண் குறைவு. பள்ளிக்கூடத்தின் கதவு எத்தனை பெரிய காவல் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

படிப்பு நின்றதால் கல்யாணமா, கல்யாணம் பேசியதால் படிப்பு நின்றதா என்று ஒருத்தர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இரண்டுமே நடக்கிறது. ஒரே ஒரு நாள் வந்து கேட்டுவிட்டுப் போகிற ஆய்வால் எது முதலில் நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் ஒரே வீடுகளில் நடக்கிறது என்பதை அது தெளிவாகவே சொல்லிவிடுகிறது.

வசதியை எப்படி அளக்கிறார்கள்?

'வீட்டில் மாசம் எவ்வளவு வருமானம்' என்ற கேள்வியை வைத்து வசதியை அளப்பதில்லை. நம்ம ஊரில் அதற்கு யார் உள்ளதைச் சொல்வார்கள்? பதிலாக, தரை மண்ணா சிமென்ட்டா, கூரை என்ன, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை உண்டா, எதில் சமைக்கிறீர்கள், மின்விசிறி, டிவி, சைக்கிள், பைக், ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு, மொத்த நாட்டு மக்களையும் ஒரே வரிசையில் நிறுத்தி, ஐந்து சம பங்காகப் பிரிப்பார்கள்.

நல்ல முறைதான். ஆனால் நம்ம மாநிலத்துக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. அரசு கொடுத்த டிவிக்கும் மின்விசிறிக்கும், சொந்தக் காசில் வாங்கினதுக்கும் ஒரே மதிப்பெண்தான். சிமென்ட் தரை போட்ட தொகுப்பு வீடும் மதிப்பெண்ணைக் கூட்டும். நாடு முழுக்கப் போட்ட வரிசையில் நம்ம ஏழை வீடு நடுப்பங்கில் போய் நின்றுவிடலாம். அந்த வீட்டின் மேல் இருக்கிற வட்டிக் கடன் அந்த மதிப்பெண்ணில் வராது. அப்பா நாலு மாதம் வேலையில்லாமல் இருந்ததும் வராது. ஒரு 16 வயதுப் பெண்ணின் கல்யாணத்தைத் தீர்மானிப்பது பல நேரம் அந்தக் கடன்தான்.

'தமிழ்நாட்டில் பரம ஏழைகள் குறைவு' என்று இந்த வரிசையைக் காட்டி யாராவது சொன்னால், ஆமாம் என்றும் சொல்லுங்க. கூடவே கடன் கணக்கையும் கேளுங்க.

நாம் பகிராத எண்

இப்போது சங்கடமான பகுதி. நான்காவது ஆய்வு (2015-16) நடந்தபோது, தமிழ்நாட்டில் 15-19 வயதில் தாயான அல்லது கர்ப்பமாக இருந்த பெண்கள் 5.0 சதவீதம். ஐந்தாவது ஆய்வில் 6.3 சதவீதம். அதே காலத்தில் நாட்டின் மொத்த எண் 7.9-இலிருந்து 6.8 ஆகக் குறைந்தது. நாடு இறங்கியபோது நாம் ஏறியிருக்கிறோம். இந்த அட்டையை நம்ம குழுவில் யாரும் போட்டு நான் பார்த்ததில்லை.

அவசரப்பட்டு முடிவுக்கு வரவும் கூடாது. இது மாதிரி எடுத்துச் செய்கிற ஆய்வு. ஒரு சின்ன ஏற்றத்துக்கு மாதிரிப் பிழையும் காரணமாக இருக்கலாம். தமிழ்நாட்டில் ஆய்வு இரண்டு துண்டாக நடந்தது. 2020 ஜனவரியில் தொடங்கி மார்ச்சில் ஊரடங்கு வந்து நின்றது, பிறகு 2020 டிசம்பர் கடைசியிலிருந்து 2021 மார்ச் வரை. பள்ளிகள் மூடிக் கிடந்த மாதங்கள் நடுவில் இருக்கின்றன.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்க. 12.8 என்ற எண் 20-24 வயதுப் பெண்களைக் கேட்டு எடுத்தது. அவர்கள் சொல்வது சில வருடங்களுக்கு முந்தைய கல்யாணங்களை. 6.3 என்பது அப்போது 15-19 வயதில் இருந்த பெண்களின் நிலை. முதல் எண் பின்னால் பார்க்கிறது, இரண்டாவது எண் அன்றைய தேதியைப் பார்க்கிறது. அன்றைய தேதி நமக்கு எச்சரிக்கை கொடுத்தது என்றால், பழைய எண்ணின் பெருமையில் நாம் உட்கார்ந்திருக்க முடியாது.

'எதிர்க்கட்சிக்காரனுக்கு நாமே ஆயுதம் கொடுக்கலாமா?' என்று பின்னூட்டத்தில் நாலு பேர் கேட்பீர்கள், தெரியும். பதில் இதுதான். எண்ணை மறைத்தால் எதிர்க்கட்சிக்காரன் நாளைக்கு அதைக் கண்டுபிடிப்பான். அந்தப் பிள்ளைக்கு நாளை என்பது தாமதம்.

'படிப்பில் ஆர்வம் இல்லை'

பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளின் வீட்டில் 'ஏன் நின்றது' என்றும் ஆய்வு கேட்கிறது. ஆண்பிள்ளையோ பெண்பிள்ளையோ, 'படிப்பில் ஆர்வம் இல்லை' என்பதுதான் அதிகம் பதிவாகும் பதில். பிறகு 'செலவு அதிகம்'. பெண்பிள்ளைகளுக்கு வீட்டு வேலையும் கல்யாணமும் கூடவே வரும்.

ஆர்வம் இல்லை என்று சொல்வது யார்? பெரும்பாலும் வீட்டுப் பெரியவர். அவர் வாயில் வருகிற இந்த மூன்று வார்த்தைக்குள் எத்தனை இருக்கிறது! எட்டாம் வகுப்பு வரை வாசிக்கத் தெரியாமலே ஏறி வந்த பிள்ளை இருக்கிறது. கணக்கு வகுப்பில் பெஞ்ச் மேல் நிற்க வைக்கப்பட்டதும், சாதிப் பேர் சொல்லிக் கூப்பிடப்பட்டதும் இருக்கிறது. சாயங்காலம் வேலைக்குப் போய்க் கையில் காசு பார்த்துவிட்ட பையன் இருக்கிறான். மாதவிடாய் நாட்களில் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லாத பள்ளி இருக்கிறது. படிவத்தில் இது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எண், ஒரே கட்டம்.

அம்மாவுக்கு எழுத்து தெரிந்த வீட்டில் பிள்ளையின் நோட்டை யாராவது ஒருத்தர் திறந்து பார்ப்பார்கள். தெரியாத வீட்டில் அந்த வேலையையும் பள்ளிக்கூடம்தான் செய்ய வேண்டும். குடும்பப் பின்னணி என்று நாம் சொல்வதில் இதுதான் பெரிய பங்கு. அதைப் பிள்ளையின் 'ஆர்வம்' என்று எழுதிவிட்டால் அரசுக்குப் பொறுப்பு இல்லாமல் போய்விடும்.

யாரை எண்ணவே இல்லை?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 10 முதல் 19 வயதுப் பிள்ளைகள் நாட்டில் சுமார் 25 கோடிப் பேர். ஐந்தில் ஒருத்தர். இவர்களுக்குத் திட்டம் போட நாம் நம்பியிருக்கிற ஆய்வுகள் யாரை விட்டுவிடுகின்றன?

1. 10 முதல் 14 வயது. குடும்ப நல ஆய்வு நேரடியாகப் பேசுவது 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடம். அதற்குக் கீழே இருக்கிற பிள்ளைகள் குடும்பப் பட்டியலில் ஒரு வரியாக வருவார்கள். பள்ளி போகிறதா, அப்பா அம்மா உயிரோடு இருக்கிறார்களா, இதே வீட்டில் இருக்கிறார்களா என்பது வரை தெரியும். பெற்றோர் வெளியூர் வேலைக்குப் போய், பாட்டி வளர்க்கிற பிள்ளைகள் எத்தனை என்று பார்க்க இந்தக் கேள்வி உதவும். ஆனால் அந்தப் பிள்ளை என்ன நினைக்கிறது என்பது எங்கேயும் இல்லை. 2016-18இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வுதான் 10 வயதிலிருந்தே ரத்தம் எடுத்துப் பார்த்தது. வளரிளம் பெண்களில் 40 சதவீதம், பையன்களில் 18 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்றது. குடும்ப நல ஆய்வோ 15-19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் என்கிறது. வயதும் வேறு, ரத்தம் எடுத்த விதமும் வேறு. ஒன்றில் ஊசி போட்டு நரம்பிலிருந்து, இன்னொன்றில் விரல் நுனியிலிருந்து. இரண்டையும் பக்கத்தில் வைத்து 'ஏறிவிட்டது, இறங்கிவிட்டது' என்று அட்டை செய்யாதீங்க.

2. ஆண்பிள்ளைகள். தமிழ்நாட்டில் ஐந்தாவது ஆய்வு 25,650 பெண்களைப் பேட்டி கண்டது. ஆண்கள் 3,372 பேர்தான். அதுவும் 15 முதல் 54 வயது வரை சேர்த்து. அதில் 15-19 வயதுப் பையன்கள் மாவட்டத்துக்குச் சராசரியாக இருபது பேர்கூடத் தேறாது. குடி, கஞ்சா, பைக் விபத்து, ஆணவக் கும்பல் என்று பையன்களைப் பற்றித் தினமும் பேசுகிறோம். மாவட்ட அளவில் அவர்களைப் பற்றிச் சொல்ல இந்த ஆய்வில் எண்ணே இல்லை.

3. விடுதிப் பிள்ளைகள். இது வீடு வீடாகப் போகிற ஆய்வு. விடுதிகளுக்குள் போகாது. மேற்கு மாவட்டங்களின் நூற்பாலை விடுதிகளை நினைத்துப் பாருங்க. தென் மாவட்டங்களிலிருந்தும் டெல்டாவிலிருந்தும், மூன்று வருடம் வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி 'சுமங்கலித் திட்டம்' என்ற பேரில் அழைத்து வரப்பட்ட பெண்பிள்ளைகள் எத்தனை பேர்! ஆய்வுக்காரர் ஊரில் கதவைத் தட்டும்போது அவள் ஆலை விடுதியில் இருப்பாள். ஆலை விடுதிக்கு ஆய்வுக்காரர் வர மாட்டார். செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் பருவத்துக்குப் பருவம் இடம் மாறுகிற குடும்பத்துப் பிள்ளைகளும் இப்படித்தான் நழுவிப் போவார்கள்.

4. அடி வாங்கும் பிள்ளைகள். குடும்ப வன்முறை பற்றிய கேள்விகள் 18 வயது முடிந்த பெண்களிடம் மட்டுமே கேட்கப்படுகின்றன. சிறு வயதுப் பிள்ளையிடம் இதைக் கேட்பதில் ஆபத்து உண்டு, பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும் என்பதெல்லாம் சரி. ஆனால் விளைவு என்ன? 16 வயதில் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்ணைப் புருஷன் அடிக்கிறானா என்பது அவளுக்கு 18 ஆகும் வரை நாட்டுக்குத் தெரியாது.

5. நான்கே சாதிக் கட்டங்கள். அட்டவணையில் பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்டோர், மற்றவர் என்று நான்கு பிரிவுதான். தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு எப்படி இருக்கிறது? பிற்படுத்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள், மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர், பட்டியல் சாதியினர், அதற்குள் அருந்ததியர், பிறகு பழங்குடியினர். 69 சதவீதத்தை இத்தனை பிரிவாகக் கணக்குப் பார்த்துப் பிரித்து வைத்திருக்கிற மாநிலம் இது. ஆய்வு அட்டவணையில் சொந்த நிலம் உள்ள விவசாயி வீட்டுப் பிள்ளையும், துணி வெளுக்கிற குடும்பத்துப் பிள்ளையும் ஒரே கட்டத்தில். அருந்ததியர் வீட்டுப் பெண்ணின் படிப்பு எந்த வகுப்பில் நிற்கிறது என்று அந்த அட்டவணையிலிருந்து ஒருவராலும் எடுத்துச் சொல்ல முடியாது.

6. பழைய பட்டியல். ஐந்தாவது ஆய்வுக்கு எந்தக் கிராமம், எந்த வார்டு என்று தேர்ந்தெடுத்ததே 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துத்தான். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2011க்குப் பிறகு முளைத்த புறநகர்க் குடியிருப்புகளையும், நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய் ஓரத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களையும் பழைய பட்டியல் எப்படிச் சரியாகக் காட்டும்?

நாம் கேட்பது

ஒன்றிய அரசு சாதிவாரியாகவும் எண்ணப்படும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று அறிவித்தது. 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாக வைத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று ஜூனில் அரசாணை வந்தது. எடுத்தால் மட்டும் போதாது. எடுத்த விவரம் வயதுவாரியாக, மாவட்டவாரியாக, உட்பிரிவுவாரியாக வெளியே வர வேண்டும். 2011இல் எடுத்த சாதி விவரம் இன்று வரை முழுதாக வெளியாகவில்லை என்பதை மறக்க வேண்டாம்.

மாநில அளவில் நமது கோரிக்கை இவை. 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்கென்று தனி ஆய்வு வேண்டும். அதில் பையன்களும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். விடுதிகளும் ஆலைக் குடியிருப்புகளும் அதில் வர வேண்டும். வீட்டின் கடனையும் கேட்க வேண்டும். ஒரே ஒரு முறை கேட்டுவிட்டுப் போகாமல், அதே பிள்ளைகளை மூன்று வருடம் கழித்துத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். இது முடியாத காரியம் இல்லை. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் 'உதயா' என்ற ஆய்வு 2015-16இல் சந்தித்த வளரிளம் பிள்ளைகளையே 2018-19இல் மறுபடி தேடிப் போய்ப் பேசியது. எது முதலில் நின்றது, படிப்பா, பிள்ளைப் பருவமா என்பதற்குப் பதில் அப்படித்தான் கிடைக்கும். பீகாரில் முடிந்தது தமிழ்நாட்டில் முடியாதா?

தோழர்கள் செய்ய வேண்டியது

கோரிக்கை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. ஒவ்வொரு கிளையும் இந்த மாதமே தொடங்கக்கூடிய வேலைகள் இருக்கின்றன.

உங்க தெருவில் எட்டாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் நடுவில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் யார் என்று விசாரியுங்க. விவரத்தைத் தலைமையாசிரியரிடம் கொடுங்க. பேரையோ படத்தையோ தயவுசெய்து குழுவில் போடாதீங்க. அந்தப் பிள்ளைக்கு மானம் இருக்கு.

கிராம சபையில் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க: 'நம்ம ஊராட்சியில் போன வருஷம் பத்தாவது எழுத வேண்டிய பிள்ளைகள் எத்தனை, எழுதினவர்கள் எத்தனை?' பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்க.

18 வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாண ஏற்பாடு என்று காதில் விழுந்தால் 1098க்குக் கூப்பிடுங்க. மண்டபத்தில் நம்ம கொடி கட்டின காரே நின்றாலும் கூப்பிடுங்க. கட்சி உங்களோடு நிற்கும்.

கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வரும்போது, வேலைக்காக வெளியூர் விடுதியில் இருக்கிற பிள்ளையை எங்கே, எப்படிப் பதிவது என்று கேட்டுத் தெளிவாகப் பதியச் சொல்லுங்க. சாதியைக் கேட்டால் பட்டப் பெயரைச் சொல்லிவிட்டு விடாதீங்க. சான்றிதழில் இருக்கிற பெயரையே சொல்லுங்க. அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக் கொடுங்க.

அடுத்த முறை அந்த அட்டை உங்க கைக்கு வரும்போது தாராளமாகப் பகிருங்க. பகிர்ந்துவிட்டுக் கீழே ஒரு வரி சேர்த்து எழுதுங்க: 'மீதி இருக்கிற ஐந்து பேர் எந்த வீட்டுப் பிள்ளைகள்?'

அந்தக் கேள்விக்கு ஊர் ஊராகப் பதில் தேடுவதுதான் நம்ம அரசியல். வேலையைத் தொடங்குவோம் தோழர்களே.

#எந்த_வீட்டுப்_பிள்ளை
#எல்லாப்_பிள்ளைகளையும்_எண்ணுவோம்